பேட் போட்டு ஏறியது

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவா டாமாயில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டார்.

"அந்த ரூட்ட ஈசின்னு போட்டது நீதானா?"

"ஆமாண்ணே."

"பேட் போட்டுத்தான ஏறுன?"

"ஆமா."

"அத எழுதுனியா?"

நான் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவும் இல்லை. நாங்கள் ஏறும் ரூட்டுகளைப் பதிந்துவைக்க ஒரு செயலி இருக்கிறது. எந்த ரூட், எத்தனையாவது முயற்சி, கிரேடு சரியா, சுலபமா, கடினமா என்று கேட்கும். காலில் என்ன கட்டியிருந்தாய் என்று கேட்காது. நான் 'சுலபம்' என்பதைத் தட்டிவிட்டு மாமாக் கடைக்குப் போய்விட்டேன்.

அண்ணன் என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. நாற்பத்தேழு வயது, ஏர்கோன் பொருத்தும் வேலை, வாரம் ஆறு நாள் ஏணியில் நிற்கிறவர், ஏழாவது நாளும் எதிலாவது ஏறியாகவேண்டும் என்று பாறைக்கு வருகிறவர். எனக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் 'சுலபம்' என்று தட்டிய ரூட்டை அவர் 2006இல் ஏறினார். அப்போது அது 7பி. இன்று அந்தச் செயலியில் 7ஏ+ என்று காட்டுகிறது. என்னைப் போல இன்னும் பலர் தட்டியிருக்கிறார்கள். அவர் ஒன்றும் செய்யாமலேயே அவருடைய பழைய எண் ஒரு படி இறங்கிவிட்டது.

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டுவிட்டுப் போய் வண்டியில் சாமான்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்.

பாறை ஏறாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும். பத்துமலை என்றால் நம் எல்லாருக்கும் 272 படிகள்தான். அதே சுண்ணாம்புக்கல் மலையின் மறுபக்கத்தில் குவா டாமாய், நியாமுக், நன்யாங் என்று பல சுவர்கள் இருக்கின்றன. பாறையில் போல்ட் அடித்து, கயிறு கட்டி ஏறுவோம். சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரையும், கரைந்தது வேறோர் இடத்தில் வடிந்து படியும். அப்படிப் படிந்து உண்டான தூண்களும் தொங்கல்களும் சுவரிலிருந்து யானைத் தும்பிக்கைபோல நீட்டிக்கொண்டிருக்கும். பாதத்தை ஒரு பிடிமானத்தில் ஊன்றி, முட்டிக்கு மேலே தொடையின் அடிப்பகுதியை ஒரு தூணுக்கு அடியில் கொடுத்து நெம்பினால், கால் அந்த இரண்டுக்கும் நடுவில் முட்டுக்கட்டையாக நின்றுவிடும். சரியாக அமைந்தால் இரண்டு கைகளையும் விட்டுவிடலாம். தலைகீழாகச் சாய்ந்த சுவரில், இருபது மீட்டர் உயரத்தில், கைகளைத் தொங்கப்போட்டு உதறிக்கொள்ளலாம். கல்லாக இறுகிப்போயிருந்த முன்கைக்கு ரத்தம் திரும்ப வரும்.

இதன் பெயர் 'நீ-பார்'. முட்டியால் போடும் தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் புதிதாக வந்த நாளில் அண்ணன் கீழேயிருந்து "நீ பார்! நீ பார்!" என்று கத்தினார். நானும் பார்த்தேன். எதைப் பார்க்கச் சொல்கிறார் என்று நாலாபக்கமும் பார்த்துக்கொண்டே கை வழுக்கி விழுந்தேன்.

வெறும் தொடையில் இதைச் செய்தால் வலிக்கும். 'கொஞ்சம் வலிக்கும்' என்பதெல்லாம் இல்லை. உடம்பின் பாரத்தில் பாதி, ஐம்பது காசு அகலத்தில் ஒரு கரடுமுரடான கல்விளிம்பு வழியாகத் தொடைக்குள் இறங்குகிறது. அண்ணனின் இடது முட்டிக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்குத் தோல் வேறு நிறத்தில் பளபளவென்றிருக்கும். அந்த 7பி கொடுத்தது.

அந்த இடத்துக்குத்தான் முட்டி பேட். பெயர்தான் முட்டி, உட்காருவது முட்டிக்கு மேலே. கனமான நியோப்ரீன் துணி, அதன் மேல் ஏறும் ஷூவின் அடியில் இருக்கும் அதே ஒட்டும் ரப்பர். ஆரம்பத்தில் ஆட்கள் கைப்பந்து விளையாட்டுக்கான பேட்டில் பழைய ஷூ ரப்பரை ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். இப்போது ஏறுவதற்கென்றே செய்து விற்கிறார்கள்.

நான் வாங்குவதற்கு முன் மூன்று பேருடையதைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பொறியியல் படித்ததன் பலன், எதையும் அளக்காமல் வாங்க மனம் வராது. முதலாவது உறைபோல இழுத்துப் போடும் வகை. இலகுவானது, முட்டி நன்றாக மடங்கும். ஆனால் குளிர்ப்பிரதேசத்துக்காரன் செய்த சாமான் அது. நம் ஊரில் காலை ஒன்பது மணிக்கே தொடை நனைந்துவிடும். நெம்பிய மூன்றாவது விநாடியில் ரப்பர் கல்லோடு ஒட்டிக்கொண்டு நிற்க, அதற்குள் என் கால் மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இதற்காகவே சிலர் தொடையில் பசை தெளித்துக்கொள்கிறார்கள், சிலர் அகலமான டேப்பால் மேல்விளிம்பைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். சாயங்காலம் அதை உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். இரண்டாவது, பின்னால் வார்களும் கொக்கிகளும் வைத்தது. அசையாமல் நிற்கிறது. ஆனால் நிற்குமளவுக்கு இறுக்கினால் கால் மரத்துப்போகிறது, ஏறுவதற்கு ஒரு நிமிடம் முன்புதான் இறுக்கவேண்டும், இறங்கியவுடன் அவிழ்க்கவேண்டும். மூன்றாவதில் ரப்பர் தடிமனாக இருந்தது. மிருதுவான ரப்பர் பிடிக்கும், ஆனால் நம் கல்லின் கூரில் சீக்கிரம் துண்டுதுண்டாகப் பிய்ந்துவிடும். கெட்டியானது உழைக்கும், அந்த அளவுக்குப் பிடிக்காது.

அந்த மூன்றாவது பேட்டில்தான் எனக்கு முதன்முதலாக ஒரு நெருடல் வந்தது. என்னுடையது குட்டைக் கால். அந்த ரூட்டில் பாதம் ஊன்றும் இடத்துக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி என் காலைவிடச் சற்றே அதிகம். வெறும் காலில் குதிகாலை உயர்த்தி, கெண்டைக்காலின் முழுபலத்தையும் கொடுத்தால் மட்டும் எட்டும். தடித்த பேட் போட்டபோது அப்படியே கச்சிதமாகப் பொருந்தியது. தொழிற்சாலையில் இயந்திரக் கால் ஆடினால் அடியில் தகடு வைப்போமே, அதேதான். வலிக்காமல் இருப்பதற்காக ஒன்றைக் கட்டிக்கொள்வது வேறு. என் காலின் நீளத்தையே சில மில்லிமீட்டர் கூட்டிக்கொள்வது வேறு. அப்படித்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு, கடைசியில் வாங்கியது தடித்ததைத்தான், வார் வைத்ததாக.

அண்ணன் கேட்ட அன்று எனக்குள் உடனே ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்றார். அவர் சொன்னது இது. பாறையேற்றத்தில் உதவி இல்லாத ஏற்றம் என்று எப்போது இருந்தது? கையில் பூசும் வெள்ளைப் பவுடரை 1950களில் அமெரிக்காவில் கொண்டுவந்தவர் ஜான் கில், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர். ஜெர்மனியின் எல்பே மணற்கல் பகுதியில் இன்றைக்கும் அந்தப் பவுடருக்கு அனுமதியில்லை. அதைப் பூசிக்கொள்கிற நாமெல்லாம் ஏமாற்றுக்காரர்களா? 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு போரியல் நிறுவனத்தின் ஒட்டும் ரப்பர் ஷூ வந்தது. அதுவரை வழுக்கிய சரிவுகளில் ஆட்கள் நின்றார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏறியவர்கள் யாரும் தங்கள் கணக்கைக் குறைத்துக்கொள்ளவில்லை. 2017இல் ஆடம் ஓண்ட்ரா நார்வேயின் ஃபிளாதாங்கர் குகையில் உலகின் முதல் 9சி ரூட்டை ஏறினாரே, அதிலும் முட்டித் தாழ்ப்பாள் உண்டு, பேட் உண்டு. அந்தத் தாழ்ப்பாளில் தாக்குப்பிடிக்கவே கெண்டைக்கால் தசைக்குத் தனியாகப் பயிற்சி செய்தார். உலகின் மிகக் கடினமான ரூட்டுக்கே பேட் போடலாம், நான் டாமாயில் போடக்கூடாதா?

அடுத்த வாரம் இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். நாசி லெமாக்கைப் பிரித்துக்கொண்டே முழுதாகக் கேட்டார்.

"போடாதேன்னு நான் எப்படா சொன்னேன்?"

அதற்கு மேல் ஒன்று சொன்னார். "நான் ஷூ போட்டு ஏறுனேன்னு எல்லாருக்கும் தெரியும். பவுடர் போட்டேன்னும் தெரியும். நீ போட்டது ஒனக்கு மட்டுந்தான் தெரியும்."

இதை நான் பல நாள் அசைபோட்டேன். உதவி சரியா தவறா என்பது அவருடைய கேள்வி இல்லை. கிரேடு என்பது பாறையில் எழுதியிருக்கும் உண்மை இல்லை. முதலில் ஏறியவர் ஓர் எண்ணைச் சொல்கிறார், பின்னால் வருகிறவர்கள் ஆமாம் என்றோ இல்லையென்றோ சொல்கிறார்கள். ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் வாக்கியம் அது. 'இங்கே வந்தால் உனக்கு இவ்வளவு கஷ்டம் இருக்கும்' என்று. எல்லார் காலிலும் ஒட்டும் ஷூ வந்தபிறகு அந்த வாக்கியத்துக்குள் ஷூவும் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்கிறது, தனியாகச் சொல்லத் தேவையில்லை. சிக்கல் நடுவிலுள்ள காலத்தில்தான். சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை. எண் மட்டும் ஒன்றாக இருக்கிறது. அந்தக் காலத்தில் 'சுலபம்' என்று நான் சொல்லும்போது, வெறும் தொடையோடு ஏறப்போகிற யாரோ ஒருவருக்குத் தவறான வழி காட்டுகிறேன். வெறும் தொடையோடு ஏற்கெனவே ஏறியவரின் கணக்கிலிருந்து எதையோ எடுத்துவிடுகிறேன்.

ஆனால் கஷ்டம் என்பது எப்போதுமே மதிப்புக்குரியதா? இதில் எனக்குப் பிடிவாதமான கருத்து எதுவும் கிடையாது. என் அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. பல வருடமாக பத்துமலைக்குப் போனால் கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறார். அங்கே மின்படிக்கட்டு அமைக்கப்போவதாகச் செய்தி வந்தபோது எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சண்டை. படி ஏறாமல் போனால் அது என்ன வேண்டுதல் என்று சித்தப்பா. அம்மா குரல்பதிவில் ஒரே வரியில் முடித்தார்: "நான் போறது முருகன பாக்க, படிய எண்ண இல்ல."

பெர்னார்ட் சூட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1978இல் விளையாட்டைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், வெட்டுக்கிளியின் பெயரைத் தலைப்பாக வைத்து. தேவையில்லாத தடைகளை நாமாகவே ஏற்றுக்கொண்டு, அவற்றைத் தாண்ட முயல்வதுதான் விளையாட்டு என்பது அவருடைய விளக்கம். கால்பந்தைக் கையால் எடுத்துக்கொண்டுபோய் வலைக்குள் வைத்துவிடலாம், வைப்பதில்லை. டாமாய்ச் சுவரின் உச்சிக்குப் பின்பக்கக் காட்டுவழியாகப் போக முடிந்தாலும் யாரும் போகமாட்டார்கள். எங்களுக்கு உச்சியில் ஒரு வேலையும் இல்லை, வழியில்தான் எல்லாம். அம்மாவுக்கு உச்சியில் வேலை இருக்கிறது. அவருக்கு மின்படிக்கட்டு ஏமாற்று ஆகாது. சித்தப்பாவுக்குப் படியே காணிக்கை என்றால், அவர் ஏறாமல் போவது அவர் கணக்கில் ஏமாற்று. ஒரே மலை, ஒரே படி, இரண்டு பேரும் சொல்வது சரி. இவ்வளவுதானா என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பாறை விளையாட்டு, பேட்டைச் சொல்லிவிட்டு ஏறு, முடிந்தது என்று எழுதி நிறுத்தியிருப்பேன்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் என் பெரியப்பா மகள்.

அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஒரே பள்ளி, ஒரே டியூஷன், 2014இல் ஒன்றாக எஸ்.பி.எம் எழுதினோம். தேர்வு முடிவும் ஏறக்குறைய ஒன்றுதான், அவளுக்கு ஒரு ஏ கூட. எனக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்தது. அவளுக்குக் கிடைக்கவில்லை, மேல்முறையீட்டிலும் கிடைக்கவில்லை. நாங்கள் படித்த காலத்தில் அந்த இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, மீதி 10 விழுக்காட்டில்தான் மற்ற எல்லாரும். யாருக்கு விழும் என்பது எங்கள் தெருவில் லாட்டரி போலத்தான் பேசப்பட்டது. நான் ஒரு வருடம் விடுதியில் தங்கிப் படித்தேன். அவள் ஆறாம் படிவத்துக்குப் போய், மூன்று தவணை, ஒன்றரை வருடம் எஸ்.டி.பி.எம் படித்தாள். இரண்டிலும் மதிப்பெண் 4.00க்குத்தான். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். என்னுடையது 3.92, அவளுடையது 3.67. நான் கேட்ட பொறியியல் எனக்குக் கிடைத்தது. அவள் கேட்டதும் அதுதான், கிடைத்தது வேறொன்று.

எது கடினம், எது சுலபம் என்று இந்த நாட்டில் வருடாவருடம் வாதம் நடக்கிறது. நான் ஒன்றைத்தான் எழுதியிருக்கிறேன், ஒப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. எனக்குத் தெரிந்தது வேறு. என் பட்டமளிப்பு விழா முடிந்து வீட்டில் விருந்து. மாமா ஒருவர் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டி, "இவன் எப்பவுமே ஷார்ப்லா, சின்னதுலேர்ந்தே. ரெண்டு பேரும் ஒன்னாத்தான் படிச்சாங்க, பாருங்க" என்றார். அவள் அப்போது தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். இரண்டு பேரும் ஏறியது ஒரே சுவர் இல்லை என்பதை அந்தக் கூடத்தில் நன்றாக அறிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வாய் திறக்கவில்லை.

சூட்ஸ் இங்கே எனக்குக் கைகொடுக்கவில்லை. படிப்பு விளையாட்டு இல்லை. பாலம் நிற்கவேண்டும், அதைக் கட்டியவன் எந்த வழியாக வந்தான் என்று லாரி கேட்காது. அம்மாவின் முருகனைப் போல உச்சியில் உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது, அங்கே போய்ச் சேர எந்த உதவியும் நல்லதுதான். எல்லாருக்கும் இடம் இருந்தால், நான் மெட்ரிகுலேஷன் வழியாகப் போனதில் சொல்ல ஒன்றுமே இல்லை. இடங்கள் எண்ணிக்கைக்குள் அடங்கியவை என்ற உடனே அது கிரேடு மாதிரி ஆகிவிடுகிறது. என் எண் ஏறினால் இன்னொருவரின் எண் அதன் பக்கத்தில் சிறுத்துப்போகிறது.

கிடைத்த இடத்தை வேண்டாமென்று சொல்லியிருக்கவேண்டுமா? இல்லை. அந்த வயதில் அப்படிச் சொல்கிறவனை எங்கள் தெருவில் பைத்தியம் என்பார்கள், சரியாகத்தான் சொல்வார்கள். நான் மறுத்தால் அந்த இடம் அவளுக்குப் போகும் என்றும் இல்லை. அண்ணனின் கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது. போட்டது பற்றி அவர் கேட்கவில்லை, எழுதினாயா என்றுதான் கேட்டார். அந்த விருந்தில் எனக்குக் கிடைத்தது என் மதிப்பெண்ணுக்கு மேல் ஒன்று. அவளைவிட நான் கெட்டிக்காரன் என்ற தீர்ப்பு. அதை நான் சம்பாதிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. உதவி பெற்றவனுக்கு உதவி சீக்கிரம் மறந்துபோகிறது. பேட் போட்டு நாலு ரூட் ஏறிய பிறகு அது தொடையில் இருப்பதே தெரியாது. வெறும் தொடையோடு பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் அது முதல் போல்ட்டிலிருந்து கண்ணில் படும்.

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது, எனக்கே அது பலமானதாகத் தோன்றுகிறது. இப்படி ஒவ்வொன்றையும் எழுத ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? அண்ணனுக்கு என்னைவிட நீளமான கால், அவர் அதை எழுதினாரா? எங்கள் வீட்டில் டியூஷனுக்குக் கட்ட 80 ரிங்கிட் இருந்தது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் இல்லை. அவளும் நானும் அந்த வரியில் ஒன்றாகத்தான் இருந்தோம், அவளும் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதினால் செயலியில் இடம் போதாது. ஒரு முழுப் பதிவு சாத்தியமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒப்பீடு என்று ஒன்று நடக்கும்போது, அது நம் வாயிலிருந்தோ நம் முன்னாலோ வரும்போது, அந்த ஒப்பீட்டையே புரட்டிப்போடக்கூடிய ஒன்று நமக்குத் தெரிந்திருந்தால்? அதைச் சொல்லாமல் சிரிப்பதும், 'கால் நீளம்' என்று எழுதாமல் விடுவதும் எனக்கு ஒன்றாகப் படவில்லை. இதைவிடத் துல்லியமாக எனக்குக் கோடு போடத் தெரியவில்லை.

செயலியில் பழைய பதிவைத் திறந்தேன். 'சுலபம்' என்பதை எடுத்துவிட்டேன். கிரேடைப் பற்றிக் கருத்து எதுவும் சொல்லாமல் விட ஒரு வழி இருந்தது, அதைத் தேர்ந்தேன். குறிப்பில் 'பேட் போட்டு ஏறியது, தடித்த ரப்பர்' என்று எழுதினேன். எண் மாறவில்லை. இன்னும் 7ஏ+ என்றுதான் இருக்கிறது.

அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. அவராகவே பார்த்திருக்கவேண்டும். இரண்டு வாரம் கழித்து, "அந்த பேட்டக் குடு, நானும் போட்டுப் பாக்கறேன்" என்றார். அவர் தொடை என்னுடையதைவிடப் பெரிது, வார் கடைசி ஓட்டையில்தான் மாட்டியது. பத்தொன்பது வருடம் கழித்து அதே ரூட்டில் ஏறினார். தூண் வரும் இடத்தில் காலைக் கொடுத்தார், நெம்பினார், ஒரு கையை விட்டார், பிறகு மற்றதையும் விட்டார். அப்படியே தொங்கிக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னாண்ணே, எப்படி இருக்கு?"

"வலிக்கலடா," என்றார் மேலேயிருந்து. அதில் இருந்தது சந்தோஷமா, வேறு எதுவுமா என்று எனக்குக் கேட்கவில்லை.

இறங்கி வந்ததும் பேட்டைக் கழற்றி, வார் பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டே, இந்தக் கொக்கி ரொம்ப நாள் தாங்காது, அடுத்த தடவை வாங்கும்போது தையலைப் பார்த்து வாங்கு என்றார்.

தீபாவளிக்குப் பெரியப்பா வீட்டுக்குப் போகவேண்டும். அந்த மாமாவும் வருவார்.